புடவைக்கு அடியில் ஒளித்து வைத்த மருந்து

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எனக்குத் தும்மல் ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை காலை வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தேன், முதல் தும்மல். அடுத்தடுத்து இன்னும் இரண்டு. மூக்கில் தண்ணீராக ஒழுகியது. தொண்டைக்குள் உமி ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு கரகரப்பு.

தை மாதம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அந்த மாதத்தில் சளி பிடிக்காத ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். விடியும்வரை பனி, விடிந்தால் அறுவடை மெஷின் கிளப்பும் தூசி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே நலம் விசாரிப்பதும், மூக்கை உறிஞ்சிக்கொண்டே நல்லா இருக்கேன் என்று பதில் சொல்வதும் எங்களுக்குப் பழகிப்போனவை. அதனால் என் தும்மலை வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

நான் கண்டுகொண்டிருக்க வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து ஆஸ்துமா (மூச்சுக் குழாய்கள் உள்ளுக்குள் வீங்கி, இறுகி, காற்று போய்வர வழி குறையும் நோய்) இருக்கிறது. மற்றவர்களுக்குச் சளி என்பது மூக்கோடு முடிகிற விவகாரம். நமக்கு அது ஏற்கெனவே புண்ணாகக் கிடக்கும் மூச்சுக் குழாய்க்குள் இறங்குகிறது. இதைப் படிக்கிற உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ ஆஸ்துமா இருந்தால், நான் செய்த முட்டாள்தனத்தை நீங்களும் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஒரு பார்மசிஸ்ட். கும்பகோணத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். "சளிக்கு ஒரு செட்டு குடும்மா" என்று கேட்டு வருகிறவர்களிடம் உடம்புக்கு என்ன, வேறு நோய் உண்டா என்று விசாரிக்காமல் அந்தக் கலவை மாத்திரைகளைத் தரமாட்டேன். இன்ஹேலர் வாங்க வருகிறவர்களை நிறுத்தி வைத்து, எப்படிக் குலுக்க வேண்டும், எப்படி இழுக்க வேண்டும் என்று செய்து காட்டுவேன். "இது பழக்கமாயிடுமாமே?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். "மூச்சு விடறது கூடப் பழக்கம்தான், விட்டுடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். முதலாளி என்னைக் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லியிருக்கிறார்.

அப்படிப் பேசுகிற நான், என்னுடைய இரண்டு இன்ஹேலர்களையும் இருபத்தைந்து வருடமாக பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், ஒரு துணிப் பையில் சுற்றி ஒளித்து வைத்திருந்தேன்.

எனக்கு இருபத்தோரு வயதாக இருந்தபோது மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு எனக்கு நல்ல சளி. காபித் தட்டோடு வந்து நின்றேன். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி கீச்சென்று ஒரு சத்தம். மாப்பிள்ளையின் அத்தை அதைக் கேட்டுவிட்டார். மூன்றாம் நாள், "பொண்ணுக்கு இழுப்பு இருக்கறாப்ல இருக்கே" என்று சொல்லி அனுப்பி, சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். அப்பா அன்று மாலை வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே அந்த வார்த்தையே நம்ம வீட்ல யார் வாயிலேர்ந்தும் வரக் கூடாது" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, ஒரு வார்த்தை சொல்லாமல்.

கணவர் கலியபெருமாளுக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரே அறையில் படுத்திருப்பவரிடம் மூச்சை எப்படி மறைப்பது? மறுநாள் வயலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது செய்தித்தாளில் சுற்றி ஒரு இன்ஹேலர் வாங்கி வந்தார். "வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் நல்ல மனதோடுதான் கேட்டுக்கொண்டேன். அதிலிருந்து நாங்கள் இருவரும் கூட்டுக் களவாணிகள்.

திருச்சியில் தங்கி வேலை பார்க்கும் ஒரே மகள் கார்த்திகாவுக்கும் சின்ன வயதில் கொஞ்சம் இருந்தது. பத்து வயதுக்கு மேல் நின்றுவிட்டது என்று நினைத்திருந்தோம். அவளுக்கு இருபத்து மூன்று வயதாகி நாகப்பட்டினத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தபோது, அப்பா அன்று சொன்னதை நான் ஒரு வார்த்தை மாற்றாமல் அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

நிச்சயதார்த்தத்துக்கு எட்டு நாள் முன்பே என் நாத்தனார் தனலெட்சுமி பட்டுக்கோட்டையிலிருந்து வந்துவிட்டார். கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மாமியார் இறந்த பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பார். ஒரு மூட்டைத் தேங்காய், இரண்டு டின் எண்ணெய், அதிரச மாவு எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். "நீ கடைக்குப் போயிட்டு வா, அடுப்பை நான் பாத்துக்கறேன்" என்றார். இரவில் என் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுத்தார். ஊர்க்கதை பேசிக்கொண்டே தூங்கிப்போவார்.

அவர் மேல் எனக்கு உயிர். ஆனால் அவர் என் அறையில் இருந்ததால், காலையும் மாலையும் நான் எடுத்துக்கொள்ளும் பிரவுன் இன்ஹேலரை எடுக்க முடியவில்லை. பீரோவைத் திறந்தால், "என்ன தேடற?" என்பார். அது தடுப்பு மருந்து (மூச்சுக் குழாயின் வீக்கத்தை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுக்குள் வைப்பது). இதில் ஒரு சூது இருக்கிறது. எடுத்தாலும் உடனே ஒன்றும் தெரியாது. விட்டாலும் உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு விட்டதே மறந்துபோனது. தும்மல் வந்த செவ்வாய்க்கிழமையோடு ஆறு நாள் ஆகியிருந்தது.

கடைக்கு வருகிறவர் யாராவது, "சளி பிடிச்சிருக்கு, தடுப்பு மருந்தை ஆறு நாளா எடுக்கல" என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே பிடித்து ஒரு பாட்டம் திட்டியிருப்பேன்.

புதன்கிழமை மூக்கு அடைத்துக்கொண்டது. மாடிப்படி ஏறியபோது வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக நின்றேன். அன்று மாலை இருமல் வந்தது. சளி வராத, வறட்டு இருமல். பேச்சை முடிக்கும்போது கடைசி வார்த்தைக்குக் காற்று போதவில்லை. இவை ஒவ்வொன்றும் அறிகுறிதான். கல்யாண வேலையில் களைப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். வீடு நிறைய உறவுக்காரர்கள். வாசலில் பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தலையில நீர் கோத்துக்கிட்டு மூஞ்சியே வீங்கிக் கெடக்கு. நாளைக்குச் சபையில இப்படியா உக்காருவ? இரு" என்று உள்ளே போனார்.

வரும்போது அவர் ஒரு கையில் விளக்கு, இன்னொரு கையில் விரலி மஞ்சள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் தெரிந்த வைத்தியம். மஞ்சள் கொம்பின் நுனியை நல்லெண்ணெயில் தோய்த்து விளக்கில் காட்டிக் கொளுத்துவார்கள். தீயை அணைத்துவிட்டு, வருகிற புகையை மூக்கால் இழுக்கச் சொல்வார்கள். மண்டையில் சுரீர் என்று ஏறும். கண்ணில் நீர் கொட்டும். மூக்கடைப்பு விட்ட மாதிரி இருக்கும். சளி மட்டும் இருக்கிறவர்களுக்கு அது எரிச்சலோடு போய்விடும். ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு எந்தப் புகையும் ஆகாது. இதுவும் எனக்குத் தெரியும்.

"வேணாம் அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"ஏன் வேணாம்? எப்பவும் போடறதுதானே?"

ஏன் வேண்டாம் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைக் கூடத்தில் பன்னிரண்டு பேர் முன்னால் சொல்ல முடியாது. நாளை மகளுக்கு நிச்சயம். நான் முகத்தை நீட்டினேன். அண்ணி என் பின்னந்தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "நல்லா இழு... இன்னும்... அந்தப் பக்கம்" என்றார். இரண்டு பக்கமும் மூன்று மூன்று தடவை இழுத்தேன். எனக்கு நல்லது செய்கிறோம் என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. எழுந்து அறைக்குப் போய், பீரோவைத் திறந்து, நீல இன்ஹேலரை (இறுகிய மூச்சுக் குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்தும் நிவாரண மருந்து) முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கொல்லைப்பக்கக் குளியலறைக்குப் போனேன். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இழுத்தேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. மறுபடியும். ஒரு மாற்றமும் இல்லை.

டப்பாவைக் கையில் ஆட்டிப் பார்த்தேன். காலி. அழுத்தினால் புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. எத்தனை மிச்சம் என்று எண்ணிக்கை காட்டாத பழைய மாடல் அது. "காத்து வருதேன்னு மருந்து இருக்குன்னு நெனச்சுக்காதீங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்குப் புரியவில்லை. இதை வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான் நாலைந்து தடவைதான் எடுத்திருப்பேன். எப்படித் தீர்ந்தது?

யோசிக்க அதற்கு மேல் காற்று இல்லை. ஆஸ்துமா இல்லாதவர்கள், மூச்சை உள்ளே இழுக்கத்தான் நாம் சிரமப்படுகிறோம் என்று நினைக்கிறார்கள். வெளியே விடுவதுதான் முடியாது. பழைய காற்று உள்ளேயே தங்கி நெஞ்சு பானை மாதிரி உப்பிக்கொள்ளும். புதுக் காற்றுக்கு இடம் இருக்காது. தொட்டி விளிம்பைப் பிடித்துக் குனிந்து நின்றேன். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்தேன். இந்தத் தாழ்ப்பாளை நானே போட்டேனே என்றும் நினைத்தேன்.

எப்படித் திறந்தேன் என்று ஞாபகம் இல்லை. வெளியே கார்த்திகா நின்றிருந்தாள். என்னைப் பார்த்தவள், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"அப்பா! அம்மாவுக்கு வீசிங்! வண்டியை எடுங்க!"

இழுப்பு என்றோ வீசிங் என்றோ இருபத்தைந்து வருடமாக எங்கள் வீட்டில் உச்சரிக்கப்படாத அந்த வார்த்தை, பந்தல்காரர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

பக்கத்து வீட்டு வேனில் ஏற்றினார்கள். வாய்க்கால் கரைச் சாலையில் வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று எதிரே வந்து வழி அடைத்துக்கொண்டது. அது பின்னால் நகர்ந்து ஒதுங்கும்வரை நின்றோம். அண்ணி என் முதுகைத் தடவிக்கொண்டே, "தண்ணி குடி, தண்ணி குடி" என்றார். கார்த்திகா, "படுக்க வைக்காதீங்க அத்தை, நேரா உக்காத்தி வைங்க" என்றாள். இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒரு கணம் தோன்றி மறைந்தது.

ஆஸ்பத்திரியில் விரலில் ஒரு கிளிப்பை (ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது) மாட்டினார்கள். எண்பத்தொன்பது; தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. முகத்தில் மாஸ்க் வைத்து நெபுலைசர் (மருந்தை மெல்லிய புகைபோல ஆக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் கருவி) போட்டார்கள். அடுத்தடுத்து மூன்று முறை. நரம்பில் ஸ்டீராய்டு ஊசி. ஒரு மணி நேரம் கழித்து நெஞ்சின் ஓரத்தில் எங்கோ ஒரு கதவு லேசாகத் திறந்தது.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். என் கட்டிலின் ஓரத்தில் நின்று கேட்டார்.

"எத்தனை வருஷமா ஆஸ்துமா இருக்கும்மா?"

கட்டிலின் மறுபக்கம் அண்ணி நின்றிருந்தார். நான் மாஸ்க்கை விலக்கி, "பன்னெண்டு வயசுலேர்ந்து" என்றேன்.

"தடுப்பு மருந்து?"

"எட்டு நாளா... எடுக்கல."

"சளி பிடிச்சிருக்கும்போதா விட்டீங்க? அப்பதானே அது ரொம்ப முக்கியம். புகை, தூசி ஏதாவது பட்டுச்சா?"

"நான்தாங்க மஞ்சள் பொகை போட்டேன்" என்றார் அண்ணி.

மருத்துவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. என்னிடம் திரும்பி, "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"மெடிக்கல்ல... பார்மசிஸ்ட்."

அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "சரி, மொதல்ல மூச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்து எங்கள் வீட்டுக்குள் வந்தாயே என்று கேட்பார், கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் வெகுநேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் தெரிந்தது, எண்ணிக்கொண்டிருந்தார் என்று.

"பெரசவத்துக்கு அப்புறம் ஒரு தரம். அம்மா காரியத்தப்போ ஒரு தரம். தலைக்கு ஊத்திக்கிட்டா சாம்பிராணி போடுவேன், அது எத்தனையோ. ஏன் வசந்தி, ஒவ்வொரு தரமும் இந்த மாதிரிதான் உள்ள இழுத்துக்கிட்டு இருந்தியா?"

"இவ்வளவு... ஆனதில்ல அண்ணி."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இன்னிக்கு உனக்கு ஒண்ணு ஆயிருந்தா என்ன ஆயிருக்கும்? என் கையால கொன்னுட்டு, சளிக்குக் கைவைத்தியம் பண்ணேன்னு நெனச்சுக்கிட்டு ஊருக்குப் போயிருப்பேனே. சாகற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

அவர் அழுதார். நானும் அழுதேன். அழுவதற்கும் காற்று வேண்டும் என்பதால் சீக்கிரம் நிறுத்த வேண்டியிருந்தது. என் நோயை மறைத்தால் பாதிப்பு எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன். என்னை நேசிக்கிறவர்களின் கையில் அவர்களுக்கே தெரியாமல் கத்தியைக் கொடுத்து வைத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கணவர் உள்ளே வந்தார். மறுநாள் நிச்சயத்தைத் தள்ளிப்போட வேண்டும், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டும். "பிரஷர் ஏறி மயக்கம் வந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம். அதுக்குமேல கேக்க மாட்டாங்க" என்றார். பழைய பழக்கம். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த கார்த்திகா பேசினாள்.

"அம்மா, அந்த ப்ளூ இன்ஹேலர் தீந்ததுக்கு நான்தான் காரணம்."

மூவரும் அவளைப் பார்த்தோம்.

"போன மழைக்காலத்துலேர்ந்து எனக்குத் திரும்ப வந்துடுச்சு. திருச்சி ரூம்ல சமாளிச்சுக்குவேன். வீட்டுக்கு வர்றப்பெல்லாம் உன் பீரோலேர்ந்து எடுத்து இழுத்துட்டு அதே மாதிரி சுத்தி வச்சுடுவேன். காத்து வந்துச்சு, மருந்து இருக்குன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றேன். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நீ அதை எங்க வச்சிருந்தேன்னு பாத்துதானே நான் வளந்தேன்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "கல்யாணம் ஆனதும் எங்க ஒளிச்சு வைக்கிறதுன்னுதான் ரெண்டு மாசமா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

அந்த நிமிடத்தில் பயந்த மாதிரி நான் குளியலறையில்கூடப் பயப்படவில்லை. நாகப்பட்டினத்தில் தெரியாத ஒரு வீட்டின் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு என் பெண் தொட்டி விளிம்பைப் பிடித்து நிற்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. வெளியே கத்துவதற்கு அங்கே யார் இருப்பார்கள்?

"போனைக் குடு" என்றேன். "சொல்லிடட்டுமா?" என்று அவளிடம் கேட்டேன். அவள் தலையாட்டினாள்.

மாப்பிள்ளையின் அம்மா சுகந்தி போனை எடுத்தார். ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு வார்த்தைதான் எனக்கு வந்தது.

"நான் கார்த்திகா அம்மாங்க... ஆஸ்பத்திரில இருக்கேன்... எனக்கு ஆஸ்துமா... சின்ன வயசுலேர்ந்து... கார்த்திகாவுக்கும் இருக்கு... சொல்லாம விட்டுட்டோம்... தப்புங்க. மருந்து எடுத்துக்கிட்டா... எல்லா வேலையும் பாப்பா... ஆனா மருந்து எடுக்கணும். ஒளிக்காம... எடுக்கணும்."

"நீங்க மொதல்ல பேசறத நிறுத்துங்க, எப்படி வாங்குது பாருங்க" என்றார். "நாளைக்கு வேணாம். நாங்களும் வீட்ல பேசணும். நான் கூப்பிடறேன்."

வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணிதான், "நடக்கறது நடக்கட்டும். கார்த்திகாவாவது பொகையிலேர்ந்து தப்பிச்சா" என்றார்.

மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். கழற்றிய பந்தல் கம்புகள் வாசலில் கிடந்தன. ஐந்து நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது பசியைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். என் சுபாவத்துக்கு அது தனியாகத் தெரியவில்லை என்று கணவர் சொன்னார். சளி பத்து நாளில் போய்விட்டது. உடம்பு பழைய நிலைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கடைக்குப் போய் நின்றால் பதினொரு மணிக்கே நாற்காலியைத் தேடுவேன். மூச்சுக் குழாய் உள்ளே ஆற நாளாகும், நெஞ்சில் சத்தம் நின்றதும் ஆறிவிட்டதாக நினைக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நீங்களும் நினைக்காதீர்கள்.

மறுபரிசோதனைக்கு அண்ணியும் வந்தார். கேட்பதற்கு அவரிடம் ஒரு பட்டியலே இருந்தது.

"ஆவி பிடிக்கலாமுங்களா டாக்டர்?"

"தைலம், கற்பூரம் எதுவும் போடாம, வெந்நியைக் கொட்டிக்காம, மூக்கடைப்புக்கு இதமா இருந்தா பிடிக்கட்டும். ஆனா அது ஆஸ்துமாவுக்கு மருந்து இல்ல."

"மெளகு ரசம்?"

"தாராளமா."

"சாம்பிராணி?"

"கூடாது."

"கொசுவத்தி?"

"அதுவும் கூடாது."

அண்ணி திருப்தியடைந்தார். பிறகு மருத்துவர் ஒரு தாளில் எங்களுக்குப் புரிகிற தமிழில் எழுதிக் கொடுத்தார். சளி ஆரம்பித்த அன்றே என்ன செய்வது, நிவாரண மருந்தை எப்போது, எத்தனை தடவை, அதற்கும் அடங்காவிட்டால் எப்போது கிளம்புவது. ஒவ்வொருவருக்கும் அளவு வேறுபடும் என்பதால் என் தாளை இங்கே எழுதமாட்டேன். உங்கள் மருத்துவரிடம் உங்களுக்கென்று ஒன்று கேட்டு வாங்குங்கள். சளி இல்லாத, நன்றாக இருக்கிற நாளில் கேளுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சளியின்போது தடுப்பு மருந்தை ஒரு வேளைகூட விடாதீர்கள். நிவாரண மருந்தில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணிக்கை காட்டுகிற மாடலாகக் கேளுங்கள். எந்தப் புகைக்கும் முகத்தைக் காட்டாதீர்கள், யார் அன்பாகக் கூப்பிட்டாலும். உடம்பு வலிக்கு எங்களைப் போன்ற கடைகளில் செட்டு மாத்திரை வாங்காதீர்கள். சில வலி மாத்திரைகள் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சை அடைத்துவிடும். வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். நிவாரண மருந்து நாலு மணி நேரம்கூடத் தாங்காவிட்டாலோ, ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியாவிட்டாலோ, யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வீட்டில் நிச்சயமே நடந்துகொண்டிருந்தாலும் கிளம்புங்கள்.

பத்தாவது நாள் சுகந்தி வந்தார், முன்கூட்டிச் சொல்லாமல், பையனை மட்டும் அழைத்துக்கொண்டு. கார்த்திகாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். கடல்காற்று ஒத்துக்கொள்ளுமா, மீன் பொரிக்கிற புகை ஆகுமா, குழந்தை பிறந்தால் அதற்கும் வருமா. வரலாம், வராமலும் போகலாம் என்று கார்த்திகா சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை.

கடைசியில் சுகந்தி என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரோட அண்ணன் இந்த எடமே வேணாம்னுட்டாரு. எனக்கும் கோவம்தான். மறைச்சீங்களேன்னு. ஆனா அன்னிக்கு நீங்க போன்ல மூச்சு வாங்கிக்கிட்டே பேசினது காதுலயே நிக்குது. எங்க வீட்ல ஒரு பொண்ணு அப்படி மூச்சு வாங்கி, அது எங்களுக்குத் தெரியாம இருந்திருந்தா? அதை நெனச்சாதான் எனக்குத் தூக்கம் வரல."

மாசியில் பூ வைத்தார்கள். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியப்பா வரவில்லை.

இப்போது எனக்குச் சளி வந்தால் நாட்கள் வேறு விதமாக நகர்கின்றன. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று உடம்பு தனியாக ஒரு காலண்டர் வைத்திருக்கிறது. காலையில் எழுந்ததும், பீக் ஃப்ளோ மீட்டரை (ஒரே மூச்சில் எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் சிறு குழாய்) கூடத்தில் நின்று ஊதிப் பார்க்கிறேன். முன்பெல்லாம் மூச்சு என்று ஒன்று இருப்பதே சிக்கல் வரும்போதுதான் தெரியும். இப்போது நன்றாக இருக்கிற நாளிலும் ஒரு மூச்சு முழுதாக வெளியே போய் முடிவதைக் கவனிக்கிறேன். அதில் பயமும் இருக்கிறது, ஒரு சந்தோஷமும் இருக்கிறது.

போன ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. காலையில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கார்த்திகா நாகப்பட்டினத்திலிருந்து கூப்பிட்டாள். மூக்கடைத்த குரல்.

"அம்மா, எனக்குச் சளி. இன்னிக்கு மொத நாள்."

"எங்க இருக்க?"

"ஹால்லதான். எல்லாரும் டிபன் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. இரு, மருந்து எடுத்துட்டுப் பேசறேன்."

தட்டுகளின் சத்தம், டிவி, யாரோ சட்னி கேட்பது எல்லாம் கேட்டது. அதற்கு நடுவே குலுக்குகிற சத்தம். புஸ்ஸென்று ஓர் அழுத்தல். மருந்து நெஞ்சுக்குள் தங்குவதற்குப் பத்து எண்ணும்வரை மூச்சை நிறுத்தி வைக்க வேண்டும். சுகந்தியின் குரல் அவள் பக்கத்திலிருந்து எண்ணியது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது.

எட்டு என்று கேட்டபோதுதான் கவனித்தேன், இங்கே நானும் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தேன். ஒன்பது. பத்து. அவளும் நானும் சேர்ந்து மூச்சை விட்டோம்.